கார் ஷெட்டுக்கு மொசைக்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். எங்கள் தெருவில் இருந்த டாக்டர் ஒருவர் மகனோடு வெளியூரில் இருக்கப் போனபோது விற்றுவிட்டுப் போன வண்டி. அவருடைய டிரைவரே அதை ஓட்டிவந்து, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில், வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனார். அது அங்கேயே நின்றது.

ஓட்டத் தெரியாமல் வாங்கவில்லை. நானும் என் கணவரும் ஒரே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ஒன்றாகவே லைசென்ஸ் எடுத்திருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் அம்பாசமுத்திரத்தில் விவசாய அலுவலகத்தில் அதிகாரி. தினமும் ஜங்ஷனில் பஸ் ஏறிப் போய்வருவார். அந்தக் காரை ஓட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது ஆசை இல்லை, வெறி. போர்டில் கணக்கு எழுதும்போதுகூட இடது கால் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கும். சாவியைக் கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்.

"ஷெட்டுக்குத் தரை போடாம வண்டிய எடுத்தா, திரும்ப எங்கன கொண்டு நிறுத்துவ?"

வீட்டு வாசலை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த கார் ஷெட்டுக்குச் சுவரும் கூரையும் வந்துவிட்டன. தரையில் ஆற்றுமணல் கொட்டிக் கிடந்தது. அதன்மேல் எதைப் போடுவது என்பதில்தான் எல்லாம் நின்றது.

"கோடு போட்ட சிமெண்டு போதுமே" என்றேன் நான்.

"எண்ணெய் சொட்டுனா சிமெண்டு குடிச்சிரும். அப்புறம் பழைய அடுப்படி மாதிரி கெடக்கும்" என்றார்.

பிறகு கடப்பாக்கல் என்றார். கடையில் போய்த் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வண்டிப் பாரத்துக்கு வெடித்துவிடும் என்று திரும்பி வந்தார். சிவப்புச் சாந்து பூசலாம் என்றார். டயர் உரித்துவிடும் என்று அதையும் அவரே விட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கொத்தனார் வருவார், காப்பி குடிப்பார், "போட்டிரலாம் சார்" என்பார். மறுவாரம் வேறொன்றைச் சொன்னால் அதையும் போட்டிரலாம். இப்படி ஒத்துப்போகிற மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிச்சிக்கிட்டு இருக்கிய! மணலுக்கு மேல ரெண்டு பலகையப் போட்டாவது வண்டிய ஏத்துங்க" என்று சத்தம் போட்டேன். அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கடைசியில் மொசைக் என்று முடிவானது. முடிவானதும் நிறம் தொடங்கியது. மாதிரிக் கற்களைக் கொண்டுவந்து ஜன்னலில் வரிசையாக வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாங்க என்று சொல்லிய கையோடு, "வெள்ளைல கறுப்புப் புள்ளி நல்லாருக்கா, பச்சை நல்லாருக்கா?" என்று கேட்டார். வெள்ளையில் கறுப்பு வென்றது.

என் பங்குக்கு நான் கேட்டது தண்ணீர் ஓட வாட்டம் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் காலையில் வாசலைக் கழுவிவிட்டுத்தான் கோலம். தண்ணீர் தேங்கினால் அது தரையே இல்லை. "ஒரு சொட்டு நிக்கக் கூடாது, நல்லாச் சரிச்சு விடுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன். டீச்சர் சொல்லிவிட்டாள் என்று கொத்தனார் தாராளமாகவே சரித்துவிட்டார். கல் சில்லு மிஞ்சியதும், அதை வீணாக்க மனமில்லாமல், தெருவிலிருந்து கார் ஏறும் சறுக்கிலும் மொசைக்கைப் போட்டு மெஷின் வைத்துத் தேய்த்தார். முகம் தெரிந்தது. என் கணவர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். எங்கும் நிற்காமல் தெருவுக்கு ஓடியது. மூன்று பேரும் நின்று சந்தோஷமாகப் பார்த்தோம். மூன்று பேரில் ஒருவருக்கும் டயர் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் கார் ஷெட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார்கள்.

சாவி கேட்டேன். "ஈரம் இறங்கட்டும்" என்றார். ஈரம் இறங்கியதும் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது புதுசாக ஒன்றைத் தொடங்குவார்களா? ஆவணியில் மெக்கானிக் வந்து பேட்டரியை மாற்றி, காய்ந்த தரையில் அவரே வண்டியை உள்ளே ஏற்றிவிட்டுப் போனார். நான் வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. இந்த மனிதர் மனைவி கையில் வண்டியைக் கொடுக்க மனமில்லாமல்தான் இழுக்கிறார் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசியில் அவருடைய அலுவலக நண்பர் ஒருவரின் மகளுக்கு அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். காரில்தான் வருவோம் என்று என் கணவர் வாய்விட்டுவிட்டார். வேறு வழியில்லை, அவரே ஓட்டினார். சேரன்மகாதேவி வருவதற்குள் எல்லாப் பஸ்ஸும் எங்களை முந்திப் போய்விட்டன. "நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?" என்றேன். "ரோடு சரியில்ல" என்றார். மண்டப வாசலில், தினமும் அவரோடு பஸ்ஸில் போய்வருகிற கூட்டாளிகள் சுற்றி நின்று வண்டியைப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கை விட்டு அவர் இறங்கிய அழகை எல்லோரும் பார்த்தார்கள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். நான் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து மறுபடி ஏறிக்கொண்டேன். முன்சக்கரங்கள் உள்ளே ஏறின. பின்சக்கரங்கள் சறுக்குக்கு வந்ததும் நின்ற இடத்திலேயே சுற்றின. வண்டி பைய வழுக்கித் தெருவுக்கு இறங்கியது. மறுபடி ஏற்றினார், இறங்கியது. பின்னால் எதிர்ப்பக்கச் சாக்கடை. பக்கத்து வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி குடையோடு வந்து நின்றுவிட்டார்.

"தரை சரியில்ல அண்ணாச்சி, கொத்தனார் கெடுத்துட்டார்" என்றார் இவர், கண்ணாடியை இறக்கி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நல்லாருக்கு வே!" என்று அண்ணாச்சி சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி இவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கால் பிரேக்கை நசுக்கிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பாமலே, அண்ணாச்சிக்குக் கேட்காதபடி சொன்னார்:

"எனக்குப் பயமா இருக்கு."

"வழுக்குததுக்கா?"

"இல்ல. வண்டி ஓட்டவே. ஓட்டப் படிக்கையில இருந்தே. நீ ஏத்து."

சிமெண்டு, கடப்பாக்கல், வெள்ளையில் கறுப்பு, ஆடி எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய் அல்லாடியிருக்கிறாரே என்று பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக் கூடாதா என்று அழுகையும் வந்தது.

இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைகொடுத்தேன். உள்ளே போய் அரிசிச் சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தேன். அவர் இறங்கி, என் கையிலிருந்து அவற்றை வாங்கி, மழையில் குனிந்து சறுக்கில் ஒவ்வொன்றாக விரித்தார். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டு வேட்டி சேறாகிவிட்டது. நான் உட்கார்ந்து, முதல் கியரில், எஞ்சினை இரையவிடாமல் ஏற்றினேன். சாக்கு டயரைப் பிடித்துக்கொண்டது. வண்டி உள்ளே போய் நின்றது.

"டீச்சர்லா ஏத்திட்டாவ!" என்றார் அண்ணாச்சி. இவர் கேட்டைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் டிபன் பாக்ஸ் பையோடு வந்து நின்றவர், சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஜங்ஷன் வரைக்கும் கொண்டு விட்டிருதியா?"

மழை விட்டிருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷனுக்குள் நுழைந்தேன். அம்பாசமுத்திரம் பஸ் நிற்கும் இடத்தில் அவருடைய கூட்டாளிகள் நின்றார்கள். முந்தின நாள் அவரை ஸ்டியரிங்கில் பார்த்தவர்கள். எனக்கே சங்கடமாக இருந்தது. கொஞ்சம் முன்னாலேயே, ஒரு பழக்கடை ஓரமாக ஒதுக்கினேன். இறங்கி நடந்து போய்விடட்டும், எதற்கு வம்பு.

"ஏன் இங்கன நிறுத்துத?" என்றார்.

"சும்மாதான். கூட்டமா இருக்கு."

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இறங்கவில்லை.

"அவுக நிக்காவல்லா, அங்கன கொண்டு நிறுத்து."