பத்து முதல் பத்தரை வரை

எங்கள் தோட்டத்தில் தினமும் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் செத்துப்போவார்கள். என் கணினித் திரை அப்படித்தான் சொல்லும்.

மின்னணுவியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, ஹெல்மெட் கம்பெனியின் ஆளாக நான் பிறந்த தோட்டத்துக்கே வந்திருந்தேன். சரிவுகளில் தனியாக வேலை செய்யும் பன்னிரண்டு பேருக்கு மஞ்சள் ஹெல்மெட்டும் கைப்பட்டையும் கொடுத்துச் சோதிப்பது என் வேலை. ஆள் விழுந்தாலும் அசையாமல் கிடந்தாலும் ஹெல்மெட் சொல்லிவிடும்; இருக்கும் இடத்தையும் காட்டும். பட்டை நாடித்துடிப்பைப் பார்க்கும். ஏழாம் எண் என் அப்பா. தேயிலை நிரைகளின் ஓரத்தில் மெஷினால் புல் வெட்டுகிறவர்.

பனி இறங்கிவிட்டால் எங்கள் மலையில் எல்லா நிரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் தேநீருக்குப் போகிறவர்கள் வேலையை நிறுத்திய இடத்தில் செடியின் மேல் எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் பழைய தொப்பி, கோணிப்பை. இப்போது ஹெல்மெட். மஞ்சள் நிறம் பனியிலும் தெரியும் என்பதால் அதைப்போல வசதியான அடையாளம் வேறில்லை. கை வியர்க்கிறதென்று பட்டையையும் கழற்றி அதற்குள் போட்டுவிடுவார்கள். அசைவு இல்லை, நாடி இல்லை. பன்னிரண்டு அலாரமும் சேர்ந்து அலறும்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாமாவுக்கு அது நல்ல வேடிக்கை. "பத்து மணி ஆச்சு, எல்லாரும் செத்துட்டோம் லா! பொணமெல்லாம் எந்திரிச்சு வந்து டீ குடிங்க" என்று தேநீர்க் கொட்டகையில் நின்று கத்துவார்.

மூன்றாவது வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். பத்திலிருந்து பத்தரை வரை அலாரம் ஒலிக்காதபடி மாற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் கொட்டகையில்தான் இருப்பார்கள், இது எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பனி ஜன்னல்வரை வந்து நின்றது. பத்தரைக்கு எண்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. மொத்தம் பதினொரு பேர். ஏழாம் எண் மட்டும் சிவப்பாகவே இருந்தது. அலாரம் அடித்தது. நான் அதை நிறுத்திவிட்டு, வழக்கம்போலக் காரணங்களை எழுதினேன். ஒன்று, பட்டையை மாட்ட மறந்திருப்பார். இரண்டு, பேட்டரி. மூன்று, சிக்னல். நான்கு என்று போட்டுவிட்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நாற்பதுக்குத்தான் கங்காணி மாமாவை அழைத்தேன்.

"உங்கப்பாவா? டீக்கே வரலியேம்மா. லயத்து வீட்டுக்குப் போயிருப்பாருன்னு இருந்துட்டேன்."

அம்மாவை அழைத்தேன். அப்பா வீட்டுக்கு வரவில்லை; போனையும் காலையில் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

திரை காட்டிய இடத்துக்கு ஓடினேன். செம்மண் வழுக்கியது. செடியின் மேல் மஞ்சள் ஹெல்மெட் நேராக, பத்திரமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே சுருட்டி வைத்த பட்டை. பக்கத்தில் அணைத்து வைத்த மெஷின். அப்பா இல்லை. அவரைத் தேட என் கையிலிருந்தது அந்த ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியின் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "அப்பா!" என்று கத்தினேன். மேலேயும் பக்கத்திலும் இரைந்த மெஷின்கள் என் குரலை எனக்கே கேட்கவிடவில்லை.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கங்காணி மாமாவிடம், "எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லுங்க மாமா" என்றேன். அவர் போனில் ஒவ்வொருவராக அழைத்தார். இரைச்சல் ஒன்றொன்றாக அடங்கியது. கடைசி மெஷினும் நின்றபின் எங்கோ தண்ணீர் ஓடுவது கேட்டது. பிறகு, அதற்கும் கீழேயிருந்து ஒரு முனகல்.

சிறுநீர் கழிக்க ஒதுங்கியவர், கரை சரிந்து வடிகாலில் விழுந்திருந்தார். கால் மடங்கிக் கிடந்தது. தலையில் பின்பக்கம் கல் பட்டு, சட்டைக் காலர் முழுக்க ரத்தம். உதடு நீலம்.

நான்கு பேர் தூக்கி வந்து லோரியில் கிடத்தினார்கள். தலை என் மடியில். "தூங்க விடாதம்மா, பேசிக்கிட்டே வா" என்று முன்னாலிருந்து கங்காணி மாமா கத்தினார்.

பேசினேன். அம்மா மருத்துவமனைக்கு வருகிறாள் என்றேன். "ம்" என்றார். பெயர் கேட்டேன், கிழமை கேட்டேன். ஒவ்வொரு வளைவுக்கும் பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. இமைகள் மூடின. தோளைத் தட்டினேன். திறக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், சொல்லவே கூடாதென்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அப்பா, பத்து மணிக்கு மேல அலாரம் அடிக்காம நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன்."

கண் திறந்தது.

"என்னது?"

"சும்மா சும்மா அடிக்குதுன்னு நிறுத்திட்டேன். பத்தரைக்கு அடிச்சதையும் அமத்திட்டு பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன்பா."

"நான் அங்க தொண்டை கிழிய கத்துறேன்..." மூச்சு வாங்கியது. "படிச்ச புள்ளையா நீ? ஒரு வார்த்தை கேக்க மாட்டியா எங்கள?"

"கேட்டிருக்கணும்."

"மாடு மேய்க்கவும் லாயக்கில்ல லா நீ."

"ஆமாப்பா. அப்புறம்?"

அவர் திட்டினார். வார்த்தைகள் குழறின. நின்றபோதெல்லாம், அவர் எப்போது கத்தத் தொடங்கினார், எத்தனை முறை கத்தினார் என்று கேட்டுக் கோபத்தைக் கிளறினேன். மருத்துவமனை வாசலில் தள்ளுவண்டிக்கு மாற்றும்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். கதவு மூடும்வரை, பிறகு கதவுக்குப் பின்னாலும், அந்தக் குரல் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.