மச்சாளுக்காக எடுத்த மடிப்பிச்சை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆரையம்பதியில் எங்கள் அம்மன் கோயிலின் வருடாந்தச் சடங்கு நெருங்கிய நேரத்தில் நடந்தது இது.

எங்கள் குடும்பத்தில் யாருக்கு நோய், வருத்தம் என்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் துணை போகிற ஆள் நான்தான். முதல் ஆளாகப் போய் வரிசையில் இடம் பிடிப்பேன். நோயாளி கேட்க மறந்ததையும் சேர்த்து டொக்டரிடம் கேட்பேன். எனக்கென்று கிளினிக் படியேறியது பிள்ளைகள் பிறந்தபோது மட்டும்தான் என்று பெருமை வேறு.

என் கணவரின் தங்கை, என் மச்சாள், அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அவளுக்கு இரத்தம் படத் தொடங்கியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அழுதாள். பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். கருப்பைக் கழுத்தில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். சிறிய தூரிகையால் தடவி எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் மச்சாள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"சரி, முதல்ல நான் குடுக்கிறன். மறுகா நீ குடு," என்றேன். அவளுடைய பயத்தைப் போக்கத்தான் கொடுத்தேன். பிறகு அவளும் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் என் போன் நம்பரையே எழுதினோம்.

சில வாரங்களில் கிளினிக்கின் மிட்வைஃப் மிஸ் எனக்குப் போன் எடுத்தார். "ரெண்டு பேரட ரிப்போட்டும் வந்திட்டு. ஒராளுக்கு இன்னும் பாக்க வேண்டிக் கிடக்கு. பயப்படாம ரெண்டு பேரும் வாங்க."

அந்த ஒராள் யார் என்று நான் கேட்கவில்லை. இரத்தம் படுவது அவளுக்குத்தானே. போனை வைத்துவிட்டு அடுப்படியில் இருந்து அழுதேன்.

அன்றே அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மடிப்பிச்சைக்குப் புறப்பட்டேன். முந்தானையை ஏந்தி வீடு வீடாக அரிசி வாங்கிக் கோயிலில் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாருக்காக என்று ஊரில் துருவிக் கேட்கமாட்டார்கள். மச்சாள் மட்டும் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஆருக்கு மச்சாள் நேர்த்தி?"

"நம்மட வீட்டு ஒராளுக்கு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிளினிக்கில் அவளுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதால் சொல்ல வேண்டிய ஆறுதலை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். டொக்டர் என் பெயரைச் சொன்னார். நான் மச்சாளைக் காட்டினேன்.

"இவதான் டொக்டர். நான் துணைக்கு வந்தனான்."

அவர் கடதாசியை மறுபடியும் பார்த்தார். "இவவுக்கு வைரஸ் இல்ல. ஸ்கேன்ல தெரியிறதும் சாதாரணக் கட்டிதான். உங்களுக்குத்தான் இன்னும் பாக்க வேணும்."

யோசித்து வைத்த ஆறுதலில் ஒரு சொல்கூட எனக்கு உதவவில்லை. ஒரு நோவும் இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். பிறகு மச்சாள் சொல்லித்தான் தெரியும்.

"நோவு வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிற வருத்தம் இல்ல இது," என்றார் டொக்டர். "அதுக்கு முதலே பிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை."

பெரியாஸ்பத்திரியில் சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தார்கள். கலங்கள், அதாவது செல்கள், மாறத் தொடங்கியதைக் காட்டும் அடையாளம் அதில் இருந்தது. ஆனால் இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. அந்தப் பகுதியை மட்டும் அகற்றினார்கள். அந்த மாதங்களில் வரிசையில் இடம் பிடித்ததும் கேள்வி கேட்டதும் மச்சாள்தான். இப்போதும் ஒழுங்காகப் போய்க் காட்டி வருகிறேன். நலமாக இருக்கிறேன்.

கிளினிக் வாசலில் துணைக்கு வந்தவள் என்று யார் நின்றாலும், நீங்களும் குடுத்தீங்களா என்று கேட்காமல் என்னால் தாண்ட முடிவதில்லை. அவளுக்காக நான் ஏந்திய மடியில் அன்று மச்சாள் அள்ளிப் போட்டது என் உயிருக்கான அரிசி.