அக்கி எழுதிய கால்

குலசேகரத்துக்கு அப்பால் மலைச்சரிவில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவள் செல்லபாய். உபதேசியார் ஞானமணியின் மூன்றாம் மகள். அம்மை வழியில் திருவட்டாற்றுக்காரி. கட்டியவன் கேரளத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். அண்ணன் வீட்டை ஒட்டி ஒற்றை அறை போட்டு இருந்துகொண்டாள். அண்ணன் பெண்டாட்டி கிரேசிக்கும் அதே தோட்டத்தில்தான் வெட்டு.

ஒரு மழைக்காலத்தில் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒன்று ஒட்டியிருந்தது. பிய்த்து நகத்தில் நசுக்கிப் போட்டாள். உண்ணி கடிக்காத கால் அந்தத் தோட்டத்தில் யாருக்கு இருந்தது? கொஞ்ச நாளில் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் கிளம்பி, நாளுக்கு நாள் அகன்றது.

"ஏட்டி, இது அக்கியாக்கும். விட்டா படர்ந்துரும்" என்றாள் கிரேசி.

"அக்கி எழுதப் போனது தெரிஞ்சா பாஸ்டர் ஏசுவாரு மைனி."

"பாஸ்டருக்க கால்லயா வந்திருக்கு? எழும்பி வா."

மண்பானை செய்கிற வேளார் காவியைக் குழைத்து, கோழியிறகால் வட்டம் முழுக்கப் பூசி, மேலே சிங்கம் ஒன்றும் வரைந்து விட்டார். காவி தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது. உதிர்ந்தபோது தோல் சுத்தமாக இருந்தது. "பாத்தியா?" என்று கிரேசி ஊரெல்லாம் சொன்னாள்.

மாதங்கள் போய் முழங்கால் வீங்கியது. வற்றும், மறுபடி தேங்காய் போல வீங்கும். வாதம் என்றார்கள், ரத்தம் சோதித்ததில் வாதம் இல்லை. எண்ணெய் தேய்த்தாள், உபவாச ஜெபத்துக்குப் போனாள். நொண்டிக்கொண்டே வெட்டியவள் ஒருநாள் சரிவில் விழுந்தாள். தோட்டத்து சூப்பர்வைசர் ஜாஸ்பர் இரக்கமுள்ளவர்தான். "இலை உதிர்ந்து துளிர்க்கிற வரைக்கும் உனக்க மரங்களை வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். அதுக்குள்ள கால நேராக்கு" என்றார்.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "உண்ணி கடிச்சிருக்கா? வட்டமா சிவந்து அகன்றுதா?" என்று கேட்டார்.

"அக்கி வந்துது டாக்டரே. எழுதினோம், போச்சு."

"அதை எந்த டாக்டராவது பாத்தாங்களா?"

"காவி மூடியில்லா இருந்துது."

டாக்டரம்மா அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். லைம் என்று ஒரு நோய், உண்ணியால் வருவது, நம் பக்கம் மிக அபூர்வம் என்றார். வெளியூருக்கு அனுப்பிய ரத்தம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அந்த வட்டம் எழுதாட்டியும் தானா மறையும். அதைப் பாத்திருந்தா அப்பவே மாத்திரை குடுத்திருக்கலாம். இப்ப குடுக்கேன், கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

மாத்திரைகள் தீர்ந்தன. வீக்கம் தீரவில்லை. மரங்களில் செந்துளிர் விட்டது.

கிரேசியின் தோளைப் பிடித்து ஏறி, தன் முதல் மரத்தின் முன் நின்றாள். மரப்பட்டையில் வெட்டு வாய் தாழ இருந்தது. குனிந்தாள், கால் மடங்கவில்லை. வலிந்து மடக்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிரேசியும் அங்கே பார்த்து நின்ற ஜாஸ்பரும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

"நான்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனேன்" என்று கிரேசி அழுதாள்.

"அந்த நோய்தான்னு டாக்டருக்கே தெரியாது. நீ ஏன் மைனி கெடந்து அழுகே?"

ஜாஸ்பர் வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்: "கிரேசி, நாளையிலிருந்து இவளுக்க மரங்களையும் நீயே வெட்டு."

செல்லபாய் இடுப்பிலிருந்த வெட்டுக் கத்தியை எடுத்து, கிரேசியின் கையில் கொடுத்தாள். கிரேசி வாங்க மாட்டேனென்றாள். "பிடி மைனி. காலையில வெட்டி வச்ச பால் உறையுமுன்னே எடுக்க நீ உனக்க மரத்துக்குப் போகாண்டாமா?"