துவரைக் காயில் இறகுப் பூச்சி

பெருமாநல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்னால் நாலைந்து துவரைச் செடிகள் நின்றன. தை பிறந்ததும் பச்சைக் காய் பறிக்கப் போனேன். பாதிக்கு மேல் ஓட்டை. ஒரு காயில், உடம்பெல்லாம் மயிர் முளைத்த பச்சைப் புழு ஒன்று தலையை மட்டும் உள்ளே நுழைத்துப் பருப்பைத் தின்றுகொண்டிருந்தது. பனியன் கம்பெனி செக்கிங்கில் நாள் முழுக்கத் துணியில் ஓட்டை தேடுகிறவள் நான். எரிச்சலாக வந்தது.

போனில் தேடியபோது இறகுப் பூச்சியின் புழு என்று தெரிந்தது. அந்தப் பூச்சிக்கு முன் சிறகு இரண்டாகவும் பின் சிறகு மூன்றாகவும் பிளந்திருக்குமாம். உட்கார்ந்தால் சிறகைச் சுருட்டிப் பக்கவாட்டில் நீட்டி, காய்ந்த குச்சிபோல ஆகிவிடுமாம். அது பிறப்பதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

காயோடு ஒரு புழுவைப் பாட்டிலில் போட்டேன். காய் பூசணம் பிடித்து, புழுவும் செத்தது. இன்னொன்றின் உடம்பைத் துளைத்துக்கொண்டு, அதற்குள் முட்டையிட்டிருந்த ஏதோ குளவியின் புழு வெளியே வந்தது. கடைசியில் செடியிலேயே ஒன்று, காயின் மேல் வாலை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. பூச்சி வெளிவரும் நேரத்தில் கூடு கறுக்குமாம்; அது கறுத்தது சனிக்கிழமை. மறுநாள் லீவு. விடிந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சூப்பர்வைசர் போன் செய்தார். "அக்கா, ஷிப்மென்ட் நிக்குதுங்க. பாதி நாள் மட்டும் வந்துட்டுப் போயிருங்க."

மறுக்க முடியவில்லை. "ஏனுங்க, பூச்சி வெளிய வந்தா வீடியோ எடுத்து வைங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனேன். பாதி நாள் என்றது சாயங்காலம்தான் முடிந்தது.

"வந்துச்சு, பாத்தேன்" என்றார் அவர்.

"வீடியோ?"

"போனு சார்ஜுல கெடந்துச்சு."

"சிறகு மொதல்ல சுருங்கியிருந்து, அப்புறம் விரிஞ்சுதுங்களா?"

"விரிஞ்சிருக்கும். குச்சியாட்டம் இருந்துச்சு, காலு நீளமா. டீ குடிச்சுட்டு வந்து பாத்தா காணோம்."

பின்னால் போனேன். வெற்றுக் கூடு காயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வீட்டு ஓனர், பைக் நிறுத்த இடம் வேண்டும் என்று செடிகளை வெட்டிப்போட்டார். அந்தப் பூச்சி பிறந்ததை இந்த வீட்டில் ஒருவர் பார்த்திருக்கிறார். அது நானில்லை.