மூன்று பிடி தவிடு

என் வீட்டுக்காரரை எரித்த அன்று, தகன மேடை ஆபீஸில் ஒருவர் பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கொள்ளி வைக்கிறது யாரு?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள் என் மகள். அவர் தலையைத் தூக்கி அவளை ஒரு தரம் பார்த்தார். "என்னம்மா உறவு?" "மகள்." அப்படியே எழுதி, நோட்டைத் திருப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய ஆபீஸ் எதிலும் அந்த ஒரு சொல்லை அவ்வளவு சுலபமாக யாரும் எழுதவில்லை.

நாங்கள் இருப்பது அஸ்தினாபுரத்தில். அவர் பீரோ பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். நான் எட்டாவதோடு நின்றவள். செவ்வாய், வெள்ளி தெருமுனை அம்மனுக்கு எலுமிச்சை விளக்குப் போடுவேன், வீட்டைப் பார்ப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. காகித வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் பேச்சு தெளிவாக இருந்த கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரிசு சர்டிபிகேட் வாங்கும்போது பாப்பா பேரும் அதுல வரணும். நான் விட்டுட்டேன், நீ விட்டுடாத" என்றார். பாப்பா என்று நாங்கள் கூப்பிடுவது இருபத்திரண்டு வயதுப் பெண்ணை. அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

அவர் விட்டுவிட்டேன் என்று சொன்னது எனக்காகச் சொன்ன பொய். பாப்பா பள்ளிக்கூடம் சேரும்போதே, "எழுதிப் பதிஞ்சு வச்சிடலாமா?" என்று அவர் கேட்டார். "அம்மன் சாட்சியா வாங்கின பிள்ளை, அதுக்கு மேல என்ன சாட்சி?" என்று வாயை அடைத்தவள் நான்தான்.

விண்ணப்பத்தை விசாரித்த வி.ஏ.ஓ. ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையானவள்.

"பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரு வேற இருக்கேம்மா. அம்மா பேரும் வேற."

"அது என் தங்கச்சி பேரு. பிள்ளை எங்களுது."

"தத்து எடுத்தீங்களா? பத்திரம் இருக்கா?"

"பத்திரம் இல்ல. ரேஷன் கார்டுல மகள்னு இருக்கு பாருங்க."

"ரேஷன் கார்டு அரிசிக்கும்மா. வாரிசுக்குச் செல்லாது."

மறுவாரம் நோட்டரி வக்கீலிடம் போய், 'இவள் எங்கள் மகள் என்று உளமார உறுதி கூறுகிறேன்' என்று முத்திரைத் தாளில் எழுதி சீல் வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண் அதை முழுவதும் படித்தாள். "நீங்க மட்டும் சொன்னா போதாதும்மா. கொடுத்தவங்களும் வந்து, கொடுத்தேன்னு சொல்லணும். ரெண்டு பேரும் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பத்திரமா பதிஞ்சு எடுத்துட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

கொடுத்தவள் என் தங்கை. அந்தக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பதினெட்டு நாள், ஒன்று மூன்று மாதம். மூன்றாவதாகப் பாப்பா பிறந்தபோது தங்கை குழந்தையின் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இன்னொருத்தி தவிடு கொண்டுவந்து கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். இது விலை போன பிள்ளை, இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமன் வாசலோடு திரும்பிவிடுவான் என்று நம்பிக்கை. பிறகு ஒரு நாள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் வயிறு திறக்கவில்லை. வாங்குகிறவளாக என்னை நிறுத்தினார்கள்.

வண்டலூரில் தங்கை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அம்மன் கோயிலில் பதினாறாம் நாள் அது நடந்தது. நான் மூன்று பிடி தவிட்டை அள்ளிப் போட, தங்கை முந்தானையில் ஏந்தினாள். "கொடுத்தேன்" என்று அவள் மூன்று தரம் சொன்னாள். "வாங்கினேன்" என்று நான் மூன்று தரம் சொன்னேன். குழந்தை என் கைக்கு வந்தது. கொஞ்ச நாள் கண் மறைவாக இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்ல, அஸ்தினாபுரத்துக்குத் தூக்கி வந்தோம். ஒரு வருஷம் போகட்டும் என்றோம். மூன்று வயது ஆகட்டும் என்றோம். அப்புறம் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. தங்கைக்கும் அடுத்து ஒரு பையன் பிறந்து நல்லபடியாக வளர்ந்தான்.

தங்கை வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துணிப்பையோடு வந்து பார்த்துவிட்டுப் போவாள். பாப்பா அவளைச் சித்தி என்பாள். யார் கேட்டாலும் தங்கை, "அக்கா பொண்ணு" என்பாள். என் பொண்ணு என்று ஒரு நாளும் அவள் வாயில் வந்ததில்லை. அதைக் கேட்டுக் கேட்டு, அவள் மனசார விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

கையெழுத்துக்கு வா என்று போன் செய்தபோதும் அவள், "சரிக்கா" என்றுதான் சொன்னாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அவள் ஒருத்தி கையெழுத்தே போதும் என்றார் பத்திரம் எழுதுகிறவர்.

அவர் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகப் போனோம்.

"இன்னாமா, வூடா, மனையா?"

"பொண்ணுங்க."

"பொண்ணுக்கு எழுதி வைக்கிறியா? தானமா, செட்டில்மென்டா?"

"இல்லங்க. பொண்ணையே எழுதணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "இத்தினி வருசமா எழுதிகினு கீறேன், இந்த மாதிரி கேஸு ரெண்டோ மூணோதான் வந்துது" என்று சிரித்தார். பிறகு மரியாதையாகவே எழுதினார். 'எனது மகளை, பிறந்த பதினாறாம் நாள், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் தத்துக் கொடுத்துவிட்டபடியால், அன்று முதல் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை' என்று உரக்கப் படித்துக் காட்டினார். தங்கை தலையைக் குனிந்தபடி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, புழுக்கமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சப்-ரிஜிஸ்தர் ஆபீஸில் எங்கள் டோக்கன் வந்தது. என்னை போட்டோ எடுத்து விரல் ரேகை வாங்கினார்கள். பிறகு தங்கையைக் கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார்.

"படிச்சுக் காட்டினாங்களாம்மா? இந்தப் பொண்ணை உங்க அக்காவுக்கு முழு மனசோட தத்துக் கொடுத்துட்டீங்க. சரிதானா?"

தங்கை கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு தரம் கேட்டார்.

"இல்ல சார்" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"உயிரோட இருக்கணும்னு கொடுத்தேன் சார். வளர்க்கக் கொடுத்தேன். உரிமை இல்லைன்னு கொடுக்கல."

அவர் கோபப்படவில்லை. "நீங்க ஒத்துக்கலைன்னா பதிய முடியாதும்மா. வீட்டுல உட்கார்ந்து பேசுங்க, அப்புறம் வாங்க" என்று பத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் இருவரும் ஒருத்தியை ஒருத்தி கேட்காத கேள்வியை, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு நிமிஷத்தில் கேட்டு முடித்துவிட்டார்.

வெளியே டீக்கடை ஓரத்தில் நான் அவளை விடவில்லை.

"இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, நாலு பேரு நடுவுல என்னைத் திருடி ஆக்கிட்டியேடி."

"நான் எமனைத்தான் ஏமாத்தினேன்க்கா. உன்னை இல்ல. நீதான்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

பாப்பா மூன்று டீ வாங்கி வந்தாள். "இது சித்திக்கு, சர்க்கரை கம்மி" என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். சித்திக்குச் சர்க்கரை என்பதே எனக்குத் தெரியாது.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு மனை மாதிரி நின்னுகினு இருக்கேன். என்னை யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள்.

"சரி, கேக்கறேன். சொல்லு, உனக்கு யாரு அம்மா?"

அதை நான் கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை தங்கை வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. பாப்பா நாவலூரில் வேலை முடிந்து நேரே வண்டலூர் போய்வரத் தொடங்கினாள். நான் கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றிவிட்டு அம்மன் முன்னால் நிற்பேன். என்ன வேண்டுவது என்று தெரியாது. தங்கை மனசு மாறட்டும் என்று கேட்கலாம். அன்று "கொடுத்தேன்" என்று அவள் சொன்னதைக் கேட்டவளும் ஒரு அம்மன்தானே. எந்தக் கொடுத்தேன் அது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும். ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவேன்.

ஒரு மாதம் கழித்து நானே வண்டலூர் போனேன். வாசலில் நின்ற தங்கை உள்ளே போய், சாமி அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"என்னடி இது?"

"நீ அன்னிக்குப் போட்ட தவிடுக்கா."

மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. முடிச்சு மட்டும் புதிதாக, அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியது போல இருந்தது.

"பாப்பாவுக்கு மூணு வயசானதும், திருப்பிக் கொடுத்துட்டுத் தூக்கிகினு வந்துடுன்னு அவளைப் பெத்தவரு சொன்னாரு. பையில வச்சிகினு வந்தேன். நீ அவளுக்கு ரசஞ்சோறு ஊட்டிகினு இருந்த. அவ உன் மடியில ஏறி ஏறி இறங்கறா. எப்படிக் கேக்கறது? திரும்பிட்டேன்."

"அன்னிக்கு ஒரு நாளா?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்தான்க்கா."

அந்தத் துணிப்பை என் வீட்டு ஆணியில் எத்தனை மணி நேரம் தொங்கியிருக்கிறது. ஒரு நாள் அதை எடுத்து மாட்டியவளே நான்தான். என்னடி இருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததா, கேட்கப் பயந்ததா என்று இப்போது யோசித்தால் பதில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கிளம்பும்போது, "அடுத்த வருஷம் பார்க்கலாம்டி" என்று நான் தொடக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதை என்று இருவருமே சொன்னதில்லை. பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டேன்.

"மாமா கடைசியா கேட்டுக்கினாருன்னு பாப்பா சொல்லிச்சு. எனக்குத் தெரியாதுக்கா. நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம். திங்கக்கிழமை வரேன், கையெழுத்துப் போடறேன். இதை மட்டும் நான் வச்சிக்கறேன்" என்றாள்.

கையெழுத்து வந்தால் அவர் கேட்டது நிறைவேறும். நான் அதற்காகத்தான் போயிருந்தேன். முடிச்சைக் கையில் எடுத்தேன். பூச்சி அரித்துப் பாதிகூட இல்லை, எடையே தெரியவில்லை. அன்று அவள் ஏந்திய மாதிரி என் முந்தானையை விரித்து அதில் போட்டு முடிந்துகொண்டேன்.

"அக்கா" என்றாள் அவள்.

"வாங்கிக்கிட்டேன்டி. கையெழுத்து வேணாம்" என்றேன். மூன்று தரம் சொல்ல வேண்டியதை ஒரு தரத்துக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவரை நினைத்து அழுதேன்.

விண்ணப்பத்தை என் ஒரு பெயரோடு மறுபடி போட்டேன். பாப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அப்பா படத்தில் காய்ந்த பூவை எடுத்துவிட்டு வேறு பூ வைத்தாள். இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மட்டும் வண்டலூரில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை வருகிறாள். என்னை அம்மா என்கிறாள். அங்கே என்னவென்று கூப்பிடுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து சர்டிபிகேட் வந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது. இ-சேவை மையத்தில் ஒரு பெண் அதை அச்செடுத்து நீட்டினாள். "பேரு, உறவு எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்கங்கம்மா. தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்க."

கட்டம் போட்டிருந்தது. ஒன்று என்று எண் போட்டு என் பெயர், பக்கத்தில் மனைவி. அதன் கீழே ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

"சரியாத்தான் இருக்கும்மா" என்றேன்.