நாற்பதுக்கு மேல்: ஒருவர்

பெயர் எழுத வேண்டாம் என்று படிவத்தின் தலையிலேயே போட்டிருந்தது. அடுத்த வரியில் வயது கேட்டார்கள். அந்தக் கொரியப் பாரம்பரிய மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டில் நாற்பதைத் தாண்டியவள் தக் மியோங்ஹி ஒருத்திதான்.

பாடத்திட்டம் திருப்தியா என்ற கேள்விகளுக்கு மற்ற ஐம்பத்தெட்டுப் பேரும் மேலிருந்து கீழ்வரை ஐந்து ஐந்தாகத் தட்டினார்கள். படிவத்தை முடித்தால்தான் அவரவர் தேர்வு மதிப்பெண் திரையில் வரும். மியோங்ஹி கேள்விகளைப் படித்தாள். நாடி பார்த்தல், நோயாளியிடம் பயிற்சி, இரண்டுக்கும் ஒன்று போட்டாள்.

இங்கே சேருமுன் பதினோரு வருடம் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங்கைச் சோதித்தவள். கப்பல் கிளம்பக் காத்திருக்கிறது என்பதற்காக ஒரு விரிசலைக்கூட அவள் சரி என்று எழுதியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

மறுநாள் உணவுக்கூடத்தில் வகுப்புத் தலைவன் பியோ சாங்வூ தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, படிவத்தை மறுபடி திறந்து விட்டிருக்காங்க. வியாழக்கிழமை அங்கீகாரக் குழு வருது. அந்த ரெண்டு ஒன்னையும் கொஞ்சம்…”

“பேர் இல்லாத படிவமாச்சே. நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?”

“நாற்பதுக்கு மேல், ஒருவர்னு அட்டவணையில வந்திருக்கு. பேராசிரியர் மா பார்த்துட்டுச் சிரிச்சாராம்.”

“பரவாயில்லையே, சிரிக்கத் தெரியுதே.”

“விளையாடாதீங்க. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும். ஆறே இடம். உங்களுக்கு வேணும்ல?”

வேண்டும். அந்த ஆறில் ஒன்றை நம்பித்தான் வேலையை விட்டு வந்தாள்.

“கையைக் கொடுடா.” அவன் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். “வேகமா ஓடுது.”

“எனக்கு என்ன நோய்?”

“எனக்கெப்படித் தெரியும்? இத்தனை வருஷமா உங்க கையைத்தான் மாத்தி மாத்திப் பிடிச்சேன். ஐம்பத்தெட்டுக் கை. ஒருத்தருக்கும் நோயில்ல. நோயாளி பக்கம் போனா, பேராசிரியர் முதுகைப் பார்த்துட்டு நிக்கணும்.”

சாங்வூ தட்டிலிருந்த கிம்ச்சியைக் கிளறினான். “எல்லாருக்கும் தெரியும்க்கா. யார் எழுதுறா?”

சாப்பிட்ட கையோடு அவள் கைப்பேசியில் படிவத்தைத் திறந்தாள். அந்த இரண்டு ஒன்றையும் மாற்றவில்லை. கருத்துப் பெட்டியில் ஐம்பத்தெட்டுக் கைகளின் கதையை எழுதினாள். கீழே பெயர், மாணவர் எண். கப்பல் தளத்தில், கையெழுத்தில்லாத சோதனைத் தாளை யாரும் மதித்ததில்லை.

வியாழக்கிழமை குழுவில் வந்த அம்மாள் வகுப்பு வாசலில் நின்று கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“தக் மியோங்ஹி யாரு?”

பேராசிரியர் மா வாய் திறப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

“நான்தாங்க.”