அக்காள் திரித்த லேஸ் நூல் கயிறு

என் அக்காள் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று சித்தப்பா சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். காது கேளாத நான் அக்காளின் குரலைப் பற்றி என்ன எழுதுவேன்? அவர்களுடைய பயத்தைப் பற்றி எழுதலாம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்காள் பிறந்தது கொட்டாரத்தில். அவர்களுக்குப் பதினாறு வயதும் எனக்கு ஐந்து வயதும் ஆனபோது, தாய் தகப்பன் இருவரையும் ஒரே வாரத்தில் காலரா கொண்டுபோயிற்று. அதே வருடம் எனக்கு வந்த காய்ச்சல், உயிரை விட்டுவிட்டுக் காதுகளை எடுத்துக்கொண்டது. சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு, மிஷனுக்கு லேஸ் பின்னிக் கொடுத்து அக்காள் என்னை வளர்த்தார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பியும் கூட வருவான் என்றார்கள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் கொட்டாரம் முக்கில், பின்னால் வந்த மோட்டார் பஸ் என் சட்டையை உரசிக்கொண்டு போயிற்று. காற்று அடித்ததென்று நினைத்துத் திரும்பினேன். அக்காள் சாலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்று சாயங்காலமே லேஸ் நூலைப் பல புரியாகத் திரித்து ஒரு கயிறு செய்தார்கள். ஒரு முனை அவர்கள் மணிக்கட்டில், மறுமுனை என் மணிக்கட்டில். ஒருமுறை இழுத்தால் நில். இரண்டு முறை இழுத்தால் போகலாம். கன்றுக்குட்டி வருகிறதென்று சந்தையில் சிரிப்பார்கள். அக்காள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொள்ள வழியில்லை.

பிறகு ஆரல்வாய்மொழிக்கு அப்பால் ஒரு செவிடர் பள்ளியில் சேர்த்தார்கள். எழுத்தும், வாயசைவைப் படிப்பதும், ஓட்டமும் அங்கே கற்றேன். எனக்குப் பதினெட்டு வயதானபோது, இலங்கையின் செவிடர் பள்ளிப் பிள்ளைகளோடு கொழும்பில் போட்டி என்று எங்கள் ஆறு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். எங்கள் பனியன்களில் ‘இந்தியா’ என்று தைத்துக் கொடுத்தது அக்காள்தான். தைக்கும்போது விரலில் எத்தனை குத்து என்று நான் பார்த்தேன்.

“ஏட்டி, காது கேக்காத பயல கப்பலுல ஏத்துதியா? தவறி விழுந்தா என்னட்டி செய்வ?” என்றார்கள் சித்தி.

“எனக்கும் பயந்தான் சித்தி. சோறே எறங்கல்ல. அதுக்காவ இவன எத்தன நாளு கட்டியே வைக்கதுக்கு?”

இப்படிச் சொன்ன அக்காள், துணிமணிகளைக் கவனிக்க ஆள் வேண்டுமென்று ஆசிரியரிடம் மன்றாடித் தாமும் தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பு வரை என்னைக் கட்டியேதான் வைத்தார்கள். மற்ற ஐந்து பேரும் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. மைதானத்தில் இறங்கியதும் முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்து அவர்கள் கையில் கொடுத்தேன்.

வெள்ளைக் கொடி தாழ்ந்தால் ஓட வேண்டும். பதற்றத்தில் நான் கொடிக்கு முந்திவிட்டேன். இன்னொரு தடவை முந்தினால் வெளியே என்று நடுவர் சைகை காட்டினார். அதன் பிறகு என் கால்கள் கல்லாகிவிட்டன. கொடி தாழ்ந்தது. பக்கத்தில் இருந்தவன் போய்விட்டான். என் கண்ணை நான் நம்பவில்லை. கூட்டத்தில் அக்காளைத் தேடினேன். வெளிறிய முகத்தோடு கயிற்றைப் பிடித்திருந்தார்கள். இரண்டு முறை வெட்டி இழுத்தார்கள். ஓடினேன். இரண்டாவதாக வந்தேன். ஒரு கணம் முன்னால் அவர்களைப் பார்த்திருந்தால் முதலாவதாக வந்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஐந்தாண்டுகளுக்குப் பின் அக்காளுக்கு நெஞ்சில் நோய் கண்டது. நாகர்கோவில் டாக்டர் கையை விரித்துவிட்டார். கூப்பிட்டால் எனக்குக் கேட்காதே என்ற பயம் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய கயிற்றைத் தேடி எடுத்து, ஒரு முனையை அவர்கள் கையிலும் மறுமுனையை என் கையிலும் கட்டினேன். தண்ணீருக்கு இழுப்பார்கள், இருமினால் இழுப்பார்கள். இழுபடும்போதெல்லாம் பயந்தேன்; கொஞ்ச நேரம் இழுபடாவிட்டால் இன்னும் பயந்தேன்.

கடைசி நாள் மத்தியானம் கயிறு இரண்டு முறை இழுபட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்காள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருமுறை இழுத்தேன். மறுபடியும் ஒருமுறை இழுத்தேன். அவர்கள் நிற்கவில்லை.

நோயில் உதவிய டாக்டருக்கும், ஜெபித்த சபையாருக்கும், பெட்டி சுமந்த சிநேகிதர் ஐவருக்கும், எங்களைத் தாங்கிய சித்தப்பாவுக்கும் என் நன்றி. சித்திக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்த மறுவாரம் கொட்டாரம் முக்கில், எங்கிருந்தோ ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். ஒருமுறை அழுத்தினார்கள்; நின்றேன். பஸ் போயிற்று. பிறகு இரண்டு முறை அழுத்தினார்கள். நான் அவர்கள் வாயைப் பார்த்தேன்.

“அவ சொல்லித் தந்துட்டுதான் போனா, மக்கா” என்றார்கள்.